பிரதிவாதி எண் ஒன்று

முகம் தெரியாதவன்மேல் வழக்குப் போட
ஒரு பெயர் வேண்டும் என்றார் வக்கீல் நஸ்ரீன்.
இங்கே வழக்கம் அசோக் குமார்.
பிரதிவாதி எண் ஒன்று, அசோக் குமார்,
தகப்பன் பெயர் தெரியாது
விலாசம் தெரியாது.
என் குரலை மட்டும் தெரியும் அவனுக்கு.

எனக்கும் ஓர் அசோக் குமாரைத் தெரியும்.
மயூர் விஹாரில் எங்கள் மூன்றாம் மாடிக்கு
கேஸ் சிலிண்டர் சுமந்து வருபவர்.
மனுவில் கையெழுத்திட்ட வாரம்
அவருக்கு இருபது ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன்.
ஏனென்று அவர் கேட்கவில்லை.

பதினாறு வருடமாகத் தடுப்பூசி, புயல், ரயில் நேரம்
எல்லாவற்றையும் தமிழில் சொன்னவள் நான்.
சளி பிடித்த நாள்களில் என் 'ழ' கொஞ்சம் வழுக்கும்.
அந்த வழுக்கலையும் விடாமல் எடுத்திருக்கிறான்.
நாற்பது நொடி.
தினம் இரண்டு சதவீதம் என்கிறேன், அவசரமே இல்லாமல்.
நானே போட்டிருக்கிறேன் என்கிறேன்.
என் அக்காவையும் போடச் சொன்னேன் என்கிறேன்.
எனக்கு அக்கா கிடையாது.

ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர் அழைத்தார்.
தோல் கம்பெனியில் கணக்கு எழுதுபவர்,
பெயர் தணிகாசலம்,
போனது மூன்று லட்சத்துப் பத்தாயிரம்.
திட்டவில்லை.
"நீங்கதானேம்மா சொன்னீங்க" என்றார்.
"நான் சொல்லலைங்க" என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு
"இதோ, இதே குரல்தான்" என்றார்.

மின்னணுச் சான்றுக்கு ஒரு சான்றிதழ் வேண்டுமாம்.
பென் டிரைவில் இருப்பது
மாற்றப்படாத உண்மை நகல் என்று
நான் உறுதி கூற வேண்டும்.
பொய்யின் உண்மை நகல்.
மூன்று இடத்தில் கையெழுத்திட்டேன்.
முத்திரை குத்துகிறவர் நிமிராமலே
"எல்லாம் சரிதானே?" என்று இந்தியில் கேட்டார்.
"ஹாஞ்ஜி" என்றேன்.
டிசம்பர் புகையில் தொண்டை கட்டியிருந்தது,
என் காதுக்கே வேறு யாரோ சொன்னதுபோல.

வரிசை எண் முப்பத்தொன்று.
இருமுறை தள்ளிப்போய், சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிட்டார்கள்.
நேரமில்லை, வணக்கம் மட்டும் போடுங்கள் என்றார் நீதிபதி.
லேப்டாப்பில் ஒரு வணக்கம்.
இன்னொரு வணக்கம்.
தமிழ் தெரியாதவர், கண்ணை மூடிக் கேட்டார்.
"இதில் வாதியுடையது எது?"
நஸ்ரீன் திரும்பி என்னைப் பார்த்தார்.
முதலாவதா, இரண்டாவதா.
அரைக் கணம்தான்.
பதில் சொல்லிவிட்டேன், சரியாகவே சொன்னேன்.
அந்த அரைக் கணத்தை மட்டும்
வீட்டில்கூட யாரிடமும் சொல்லவில்லை.

உத்தரவு ஐந்து பக்கம்.
வாதியின் பெயர், குரல், உச்சரிப்பு, பேச்சு நடை
எதையும் அசோக் குமார் பயன்படுத்தக் கூடாது.
முப்பத்தாறு மணி நேரத்துக்குள்
இணைப்பிலுள்ள இருபத்துமூன்று சுட்டிகளையும் நீக்க வேண்டும்.
சனிக்கிழமை மூன்று மிஞ்சியது.
ஞாயிறு ஒன்று.
திங்கள் நாற்பத்தாறு.
புதிதாக முளைப்பதற்குப் புது வழக்கு வேண்டாம்,
ஒரு பிரமாணப் பத்திரம் போதும்,
அதுவே பெரிய வெற்றி என்றார் நஸ்ரீன்.
பெரிய வெற்றிதான்.

ஐந்து பக்கத்தில் தணிகாசலம் எங்கும் இல்லை.
அவர் வாதியல்ல, பிரதிவாதியல்ல,
சாட்சிகூட அல்ல.
பத்தொன்பது முப்பதுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள் என்று
அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.
எண்ணை எடுத்து, வைத்து, எடுத்து,
கடைசியில் கடிதம் எழுதினேன்,
உத்தரவின் நகலோடு.
பதிவுத் தபால் போய்ச் சேர்ந்துவிட்டது.
பதில் இல்லை.

இன்று காலை வாசல் மணி.
"கௌன்?" என்றேன்.
"அசோக் குமார்" என்றது ஒரு குரல்.
படியில் சிலிண்டர் இடிக்கிற சத்தம் கேட்கும்வரை
தாழ்ப்பாளில் வைத்த கையை
நான் அசைக்கவில்லை.